பங்குனி வரவு

பறவை நம்மைத் தேடி வருவதில்லை. தனக்கு வேண்டியதைத் தேடி வருகிறது. லாரிச் சத்தம் ஓயாத புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலும் பங்குனி பிறந்தால் குயில் கூவத்தான் செய்கிறது. கூடு கட்டாமல் காக்கைக் கூட்டில் முட்டையிடும் அந்தக் குயிலைத்தான் 2007இல் புதுச்சேரியின் மாநிலப் பறவையாக அறிவித்தார்கள். காக்கைக்கு இதில் மனத்தாங்கல் இருக்கலாம்!

செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைக் கவனியுங்கள். பல நேரம் அது பூவின் வாய்ப்பக்கம் போவதே இல்லை. அடிப்பக்கத்தில் அலகால் குத்தி, தேனை உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் தேன் மட்டும் போதாது; இலைக்கு இலை சிலந்தியும் புழுவும் தேடி அலையும். தோட்டத்தில் நமக்கு அழகு பூ. அதற்கு அழகு புழு. இலையில் ஓட்டை விழுந்ததும் பூச்சிமருந்தைத் தூக்குகிறவர், குருவி வரவில்லையே என்று குறைப்படக் கூடாது.

பக்கத்து ஊசுட்டேரி சரணாலயமாக 2008இல் அரசாணை வேண்டியிருந்தது. வீட்டுக் கொல்லைக்கு அதெல்லாம் வேண்டாம். மருந்தை நிறுத்துங்கள், நிழலில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், கொசு முட்டையிடாமல் தினமும் மாற்றுங்கள்.