பழுதுபார்த்தலும் பொய்யுரைத்தலும்

பழம்பொருளொன்றைச் செப்பனிடுவோன் அதனைக் காக்கின்றானா, அன்றி அதன் வரலாற்றை அழிக்கின்றானா என்னும் வினா அரும்பொருட் காட்சிச்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. சுழியோடிகளின் பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்போரிடையே அது நாளாந்த வழக்காகவே உள்ளது.

பிளாங்பான் நிறுவனத்தாரின் பிஃப்டி ஃபதம்ஸ், றோலெக்ஸ் நிறுவனத்தாரின் சப்மரீனர் ஆகிய இரண்டும் 1953ஆம் ஆண்டளவில் தோன்றியவை. நீரடியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை அறிவதிலேயே சுழியோடியின் உயிர் தங்கியிருந்தது. அதன்பொருட்டே சுழலும் விளிம்பு வளையமும், இருளில் ஒளிரும் முட்களும், நீர் புகாது காக்கும் றப்பர் வளையங்களும் அமைந்தன. ஒளிரும் பூச்சில் முதலில் றேடியமும் பின்னர் திரித்தியமும் சேர்க்கப்பட்டன. திரித்தியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 12 ஆண்டுகளே. சில பத்தாண்டுகளில் அதன் ஒளி மங்கிவிடும். றேடியத்துக்கோ அது ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆயினும் அதன் கதிர்கள், ஒளிதரும் நாகசல்பைட்டையே சிதைத்துவிடுகின்றன. ஒளி அணைந்த பின்னரும் கதிர்வீச்சு நிற்பதில்லை.

இவ்வாறு பயனிழந்து பழுப்பேறிய பூச்சையே இன்றைய சேகரிப்பாளர் பெரிதும் விரும்புகின்றனர். புதுப்பூச்சு இடப்பட்டதன் மதிப்புக் குன்றுகின்றது. ஆதலின், புதுப்பூச்சுக்கே பழுப்பு நிறமூட்டி விற்போரும் தோன்றியுள்ளனர். றப்பர் வளையத்தை மாற்றுதல் பொய்யாகாது. மாற்றாதொழியின் நீர் புகுந்து பொறி கறள்பிடிக்கும். மாற்றப்படுவதற்கென்றே அமைந்த உறுப்பு அது. முகப்பின் நிலை வேறு. கடந்து வந்த காலத்துக்கு அது சாட்சி. சாட்சியைத் திருத்தி எழுதுதல் பழுதுபார்த்தலாகாது.

வாங்குவோன் அறிந்தே வாங்கின் தீங்கென்ன என வினவலாம். முதலில் வாங்குவோன் அறிவான். அவனுக்குப்பின் மூன்றாமவனாகப் பெறுவோன் அறியான். விற்றவன் வாயால் உரைத்த உண்மை அவனோடு போய்விட, பொருளின்மீது தீட்டப்பட்ட பொய் எஞ்சிவிடுகின்றது.

சுழியோட்டத்தில் ஈடுபாடு கொண்டு 1956இல் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளார்க், தமது 1979ஆம் ஆண்டு நாவலொன்றில் சீகிரியாவை ஒத்த குன்றொன்றைக் களமாக்கினார். செப்பனிடுதல் பற்றிய வினாவும் அக்குன்றிலேதான் கூர்மை அடைகின்றது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் ஆட்சியில் தீட்டப்பெற்ற ஓவியங்கள்மீது 1967 ஒக்டோபரில் எவரோ பச்சை வண்ணத்தைப் பூசினர். சிலவற்றைச் சிதைக்கவுஞ் செய்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து தொல்பொருளியற் திணைக்களத்தாருடன் இணைந்து அவற்றை மீட்டார். ஊகம் தொடங்குமிடத்திற் செப்பனிடுதல் நிற்றல் வேண்டும் என்றும், புதிதாய்ச் சேர்ப்பது மூலத்தினின்று வேறெனத் தெரிதல் வேண்டும் என்றும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் விதித்திருந்தது. கடிகாரச் சந்தையிற் பலர் அஞ்சுவது இவ்விரண்டாம் விதியையே.

பச்சை வண்ணமும் வரலாற்றின் ஒரு தடமன்றோ, அதனை அழித்ததும் சாட்சியழிப்பன்றோ என்று வாதிடுவோர் இருக்கலாம். அவ்வாதம் நிலைக்காது. அவ்வண்ணம் தன்னினும் மூத்த சாட்சியின் வாயை அடைத்தது.

ஆயினும் ஓவியங்களுக்குக் கீழேயுள்ள கண்ணாடிச் சுவர் இத்துணை எளிதில் விடைதரவில்லை. பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, வந்து பார்த்தோர் தம் வியப்பை அதிற் பாக்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைப் பரணவிதான 1956இற் பதிப்பித்தார்; பழஞ்சிங்கள இலக்கியத்துக்கு அவை ஈடற்ற சான்று. அன்று இன்றைய சட்டம் இருந்திருப்பின், அவற்றுள் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திராது.

அதே சுவரில் 2015இல் எழுதிய இளம்பெண்ணொருத்திக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் பொதுமன்னிப்பால் அவள் விடுதலையானாள். தடை வேண்டற்பாலதே, நாள்தோறும் வருவோர் அனைவரும் எழுதத் தொடங்கின் பழைய பாக்கள் எஞ்சா. தண்டனையின் அளவோ வேறு வழக்கு. அவள் எழுத்தையும் பாக்களையும் பிரிப்பது ஆயிரம் ஆண்டு இடைவெளி மட்டுமா என்பது, ஓவியத்தின் பச்சை வண்ணத்தைப்போல் விரைவில் தீர்க்கப்படக்கூடியதன்று. பழைய கடிகாரத்தின் பின்மூடியில் எவனோ ஒரு சுழியோடி கீறிவைத்த பெயரைத் தேய்த்து அகற்றுவோரும் உளர். அப்பெயருக்காகவே அதனைத் தேடி வாங்குவோரும் உளர்.