எரியாத விளக்கு எதற்குச் சாட்சி?

காரின் டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரி விளக்கு, தன் பெயருக்கு மாறாக, பேட்டரியின் நலத்தைக் காட்டுவதற்கானது அல்ல. என்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் மின்சாரம் தருகிறதா என்பதே அதன் பொறுப்பு. பழைய அமைப்பில் விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் மின்னழுத்தம் வரும். மறுமுனை ஆல்டர்நேட்டரோடு இணைந்திருக்கும். ஆல்டர்நேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் இருபுறமும் அழுத்தம் சமமாகி விளக்கு அணைந்துவிடும். புதிய வண்டிகளில் கணினிப் பெட்டியே பார்த்து விளக்கைப் போடுகிறது.

விளக்கு நிற்காமல் எரிந்தால் வேலை சுலபம். விட்டு விட்டு எரிந்தால்தான் தலைவலி. ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டி நுழைந்ததும் விளக்கு அணைந்துவிடும். மல்டிமீட்டரை வைத்தால் 14.2 வோல்ட், குறை சொல்ல முடியாத கணக்கு. “இப்ப ஒண்ணும் இல்லையே, ஓட்டிப் பாருங்க” என்று வண்டி திரும்பிவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருப்பது ஒரு தத்துவத் தீர்ப்பு: காணவில்லை, ஆகவே இல்லை.

இந்தத் தீர்ப்பு செல்லுமா என்பது இந்திய அளவையியலின் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி சொல்லும் பத்து அளவைகளில் அபாவமும், அதாவது இன்மையை அறியும் வழியும், இடம்பெறுகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, கருதல் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். குமாரிலரின் மீமாம்சை, இன்மையை அறிவதற்குத் தனி அளவை வேண்டும் என்றது. நியாய மரபு அதைக் காட்சியிலேயே அடக்கியது. மெக்கானிக்குக்கு உடனே உதவுவது பௌத்தரான தர்மகீர்த்தி போட்ட நிபந்தனைதான். ஒரு பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற நிலையில் மட்டுமே, காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள அறையின் தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. பிசாசு தெரியவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அது இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பொருளாகவே கருதப்படுகிறது.

ஒர்க்‌ஷாப் வாசலில், பகல் வெளிச்சத்தில், ஹெட்லைட்டும் ஏசியும் போடாமல் நிதானமாக ஓடும் என்ஜினில், பல பழுதுகள் பிசாசின் வகையைச் சேர்ந்தவை. தேய்ந்த கார்பன் பிரஷ் குலுங்கும்போதுதான் தொடர்பை இழக்கும். தளர்ந்த பெல்ட் மழைநீர் பட்டால் வழுக்கும். ரெகுலேட்டர் அரைமணி நேர ஓட்டத்துக்குப் பின் சூடேறியதும் மக்கர் செய்யும்.

நியாய மரபினரான நையாயிகர்கள் இதே செய்தியை வேறு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பைக் கொண்டு புகையை ஊகிக்க முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழ ஈர விறகு வேண்டும். இந்த மறைமுக நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். பேட்டரி விளக்குக்கும் பழுதோடு ஓர் உபாதி தேவைப்படுகிறது: சூடு, ஈரம், குலுக்கல், மின்பளு. எதிர்த் திசையிலும் எச்சரிக்கை உண்டு. மூடுபனியைப் புகை என்று மயங்குவதுபோல, சில வண்டிகளில் ஆல்டர்நேட்டரிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயர் உரசி பாடியைத் தொட்டாலே போதும், சார்ஜ் சரியாக ஏறினாலும் விளக்கு எரியும்.

ஆகவே பழுது தேடுவது என்பது முதலில் உபாதியைத் தேடுவது. ஓட்டுநரிடம் கேட்க வேண்டியது “எரியுதா?” என்பதல்ல, “எப்ப எரியுது?” என்பது. மழையில் என்றால் பெல்ட்டும் டென்ஷனரும். மேடுபள்ளத்தில் என்றால் கனெக்டர்களும் டெர்மினல்களும். மங்கலாக மட்டும் எரிந்தால் டயோடு மீது சந்தேகம் வரவேண்டும். அடுத்து அந்த நிலையைச் செயற்கையாக வரவழைக்க வேண்டும்: ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு, ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்து, மீட்டரைக் கவனிப்பது. அந்தப் பளுவில் ஆல்டர்நேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் ஒயரில் துருவோ தளர்வோ இருக்கிறது. பளு இல்லாமல் அளந்தால் இதே ஒயர் நல்லபிள்ளை. இத்தனையும் செய்த பிறகு ஒன்றும் தெரியாமல் போனால், அந்தக் காணாமைக்குத்தான் மதிப்பு.

பழுது நீங்கியது என்ற தீர்ப்பில் இதைவிடப் பெரிய கோளாறு நடக்கிறது. ஆல்டர்நேட்டரை மாற்றுகிறார்கள், விளக்கு எரிவதில்லை, புதிய ஆல்டர்நேட்டருக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அதை மாற்றுவதற்காகப் பேட்டரி டெர்மினலைக் கழற்றித் துடைத்து மீண்டும் முறுக்கியிருக்கிறார்கள், கனெக்டரைப் பிடுங்கிச் செருகியிருக்கிறார்கள், பெல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். நோய் தீர்த்தது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் சொன்ன வேறுபாட்டு முறைக்கு, இரண்டு நிலைகளுக்கிடையே ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்க வேண்டும். முதலில் டெர்மினல்களைச் சுத்தம் செய்து சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அதன்பின் ஆல்டர்நேட்டரில் கைவைப்பது, சிக்கனம் மட்டுமல்ல, சரியான தருக்கமும்கூட.

எத்தனை நாள் ஓட்டிப் பார்ப்பது? சராசரியாக வாரம் ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் எரிந்துவந்த விளக்கு, பழுது அப்படியே இருக்கும்போதும் ஒரு வாரம் முழுக்க எரியாமலிருக்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் எரியாமலிருக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்.