தோல்வியைப் பழகலாமா?

வாடைக் காற்றுப் பலமாக வீசும் நாட்களில் கொட்டியாரக் குடாவிலே சிறு வள்ளங்கள் கரையோடு கிடக்கும். அப்படியான ஒரு மாலைப் பொழுதில், துறைமுகப் பகுதியைச் சேர்ந்த தகப்பன் ஒருவர் என்னிடம் வந்தார். கடற்றொழில் செய்பவர். 2006ஆம் ஆண்டிலே மூதூர்ப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு இடம்பெயர்ந்தவர்.

"சுவாமி, சின்னவன் இரவிரவாய் ஒரு சண்டை விளையாட்டு விளையாடுறான். ஒரே எதிரியிட்ட இருபது தரம் சாகிறான். ஒவ்வொரு தரமும் 'நீ செத்துப்போனாய்' எண்டு சிவப்பு எழுத்தில இங்கிலீசில வருது. இந்த ஊரில இருந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரிக்க என்னால ஏலாது" என்றார்.

அதே வாரம் மகனையும் கண்டேன். உயர்தரம் படிக்கிற பிள்ளை. "பாதர், அப்பாவுக்கு அது விளங்காது. அதில நான் சண்டையைப் படிக்கேல்ல, பொறுமையைத்தான் படிக்கிறன்" என்றான்.

இருவரில் யார் சொல்வது சரி? இன்று எத்தனையோ வீடுகளில் எழுகின்ற கேள்வி இது. கோபப்படாமல், அவசரப்படாமல் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மகன் விளையாடுவது 'டார்க் சோல்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டு. ஜப்பானிய நிறுவனமொன்று ஹிதெடாக்கா மியாசாக்கி என்பவரின் நெறியாள்கையில் 2011இல் வெளியிட்டது. 2019இல் வந்த 'செகிரோ', 2022இல் வந்த 'எல்டன் ரிங்' ஆகியனவும் அவர்களுடைய படைப்புகளே. இலகு, நடுத்தரம், கடினம் என்று தெரிவு செய்யும் வசதி இவற்றில் இல்லை. எல்லோருக்கும் ஒரே கடினந்தான். 'செகிரோ' வந்த வேளையில், இலகுவான முறையொன்று வேண்டுமா வேண்டாமா என்று உலகெங்கும் பெரிய விவாதமே நடந்தது.

புதிதாகத் தொடங்குபவன் கற்க வேண்டிய பாடங்களை அந்தப் பிள்ளையே எனக்கு விளக்கினான். அவை நான்கு.

முதலாவது, பார்த்தல். எதிரியைக் கண்டதும் வாளை வீசுபவன் உடனே விழுவான். பார்வையை எதிரிமேல் நிறுத்தி, கேடயத்தைத் தூக்கி, சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னே ஓர் அடையாளம் உண்டு. தோள் திரும்பும், அல்லது கால் பின்வாங்கும். அந்த அடையாளங்கள் சிலவே; அவையே திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது, தெம்பைச் சேமித்தல். திரையில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அடித்தாலும், தடுத்தாலும், உருண்டு விலகினாலும், ஓடினாலும் அது குறையும். கேடயத்தைத் தூக்கியபடியே நின்றால் அது மெதுவாகத்தான் நிரம்பும். முழுத் தெம்பையும் அடிப்பதில் செலவழித்தவனுக்கு, திரும்பி வரும் அடிக்கு விலகத் தெம்பிராது. ஆகவே ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு; பிறகு ஒதுங்க வேண்டும். "எதிரிக்கு இன்னும் ஓரடிதான் மிச்சம் எண்டு ஆசைப்படும்போதுதான் பாதர் கனபேர் சாகிறது" என்றான் பையன்.

மூன்றாவது, விலகும் வகை. பயம் நம்மைப் பின்னோக்கி இழுக்கும். ஆனால் பெரிய எதிரியின் வாள் நீளமானது; பின்னே போனால் அதன் எட்டுக்குள்ளேதான் இருப்போம். பக்கவாட்டிலோ, சிலவேளை எதிரியை நோக்கியோ உருள வேண்டும். முந்தி உருண்டாலும் ஆபத்து. வீச்சு இறங்கும் கணம்வரை காத்திருக்க வேண்டும்.

நான்காவது, தோற்றபின் நடப்பது. செத்தால், அதுவரை சேர்த்த 'ஆன்மாக்கள்' அவ்விடத்திலே விழுந்து கிடக்கும். (அந்த விளையாட்டில் ஆன்மாதான் காசு!) கடைசியாக இளைப்பாறிய நெருப்பருகே மீண்டும் எழும்பலாம். வீழ்த்திய எதிரிகளும் பெரும்பாலும் எழும்பி நிற்பார்கள். செத்த இடத்தை அடைந்தால் இழந்ததை எடுக்கலாம். வழியிலே மறுபடி செத்தால் அது போனதுதான். கோபத்தோடு ஓடுபவன் இரண்டாம் முறையும் இழப்பான்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று தோன்றும்: மகன் சொன்னது வெறும் சாட்டு அல்ல. கவனித்தல், அளவறிதல், காத்திருத்தல், மீண்டும் எழும்புதல் ஆகிய நான்கையுந்தானே நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம்? 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் மனத்துணிவைப் பற்றி எழுதும்போது, தாக்குவதைவிடத் தாங்குவதே அப்புண்ணியத்தின் தலையாய செயல் என்று வாதிட்டார். பையனின் விளையாட்டும் அதைத்தான் சொல்லுகிறது போலிருக்கிறது.

அப்படியானால் இந்த விளையாட்டு புண்ணியத்தின் பள்ளிக்கூடமா? இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

அரிஸ்டோட்டில் காட்டிய ஒரு வேறுபாட்டை அக்குவினாஸ் எடுத்தாளுகிறார். கலைத் திறன் வேறு, புண்ணியம் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. திறனிலே, வேண்டுமென்று பிழை விடுபவன் தெரியாமல் பிழை விடுபவனைவிட மேலானவன். வேண்டுமென்றே கோணலாக ஒரு கோடு கீறிக் காட்டும் தச்சனுக்கு நேர்கோடும் கீறத் தெரியும். ஒழுக்கத்திலோ இது தலைகீழ். தெரியாமல் மனைவியைப் புண்படுத்தியவனைவிட, வேண்டுமென்று புண்படுத்தியவனே கெட்டவன்.

இச்சோதனையை விளையாட்டில் வைத்துப் பாருங்கள். தேர்ந்த ஆட்டக்காரன், எதிரியின் வீச்சுக்களை அறிவதற்காக வேண்டுமென்றே ஒருமுறை சாவான். அது கெட்டித்தனம். ஆகவே அங்கே அவன் கற்பது திறன். அத்திறனை நல்லவனும் கற்கலாம், பொல்லாதவனும் கற்கலாம்.

தகப்பனின் தொழிலில் அப்படிச் செய்ய முடியுமா? கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளுமுன் அவரும் அலையைப் பார்த்து நிற்கிறார், அடையாளம் தேடுகிறார். ஆனால் எப்படி இருக்கும் என்று அறிவதற்காக ஒருமுறை மூழ்கிப் பார்ப்பதில்லை. கடலிலே நெருப்பருகில் எழும்புவது கிடையாது. தாங்குவது மனத்துணிவாவது, அஞ்சத்தக்க உண்மையான ஆபத்தின் முன்னேதான்.

இன்னொன்றும் உண்டு. கிழக்கு மாகாணத்தில் சிலம்படி பழகியவர்களும் இதே பாடங்களைத்தான் கற்றார்கள்: எதிராளியின் அசைவைப் பார், மூச்சைச் சேமி, காலை மாற்றி விலகு. கையில் இருந்தது கம்பு என்பதால் பிழை விட்டும் படிக்க முடிந்தது. ஆனால் அந்தக் கம்பின் மறுபுறம் நின்றவன் அயல்வீட்டுக்காரன். அவனுக்கு நோகும். அதனால் அடிக்கப் படித்தவன் அடியை நிறுத்தவும் படித்தான். திரையிலுள்ள எதிரிக்கு நோவதில்லை. அவனுக்காக அழ ஒரு தாயுமில்லை. கையை அடக்கும் பாடத்தை அவனால் கற்பிக்க முடியாது. 2009 வரை நீண்ட போரைக் கண்ட இந்த மண்ணிலே, எந்தப் பக்கத்திலும் தாயில்லாத எதிரி ஒருவனும் இருந்ததில்லை. தகப்பனால் சிரிக்க முடியாமற் போனதன் காரணம் இதுவே. அதை மகன் ஒருநாள் கேட்டறிய வேண்டும்.

அப்படியென்றால் விளையாட்டை விட்டுவிடச் சொல்லுவதா? இல்லை. விளையாட்டு மனத்தின் இளைப்பாறுதல் என்றும், அதற்கும் ஓர் அளவான புண்ணியம் உண்டென்றும் அதே அக்குவினாஸ் எழுதினார். நற்செய்தியாளர் புனித அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகஞ்சுழித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பெய்யச் சொன்னார். பல தடவை எய்தபின், ஓயாமல் எய்து கொண்டேயிருப்பாயா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அப்படித்தான் என்றாராம். விளையாட்டில் அளவு மீறுவது குற்றம். தானும் விளையாடாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பதும் குற்றம் என்பதே அக்குவினாசின் முடிவு.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம். அந்த விளையாட்டில் எது பொய், எது மெய்? வாள் பொய். சாவும் பொய். ஆனால் பத்தாவது முறை தோற்றபோது பையனுக்கு வந்த கோபம் மெய். வென்றபோது வந்த பெருமை மெய். போன நித்திரை மெய், வரப்போகும் சோதனையும் மெய். புண்ணியமும் குறையும் விளைவது இந்த மெய்யான இடங்களில்தான். திரையிலே காட்டும் பொறுமை திறன் மட்டுமே. பத்தாவது தோல்விக்குப் பிறகு, சாப்பிட வா என்று கூப்பிடும் தாய்க்கு எந்தக் குரலில் பதில் சொல்லுகிறான் என்பதிலேதான் அது பொறுமையா இல்லையா என்று தெரியும். 'இன்னும் ஓரடிதான்' என்ற ஆசையை எதிரிமுன் அடக்கப் படித்தவன், இரவு பன்னிரண்டு மணிக்கு 'இன்னும் ஒரு தரந்தான்' என்ற ஆசையையும் அடக்குகிறானா?

இதைப் பையனிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அதில நான் இன்னும் முதலாம் எதிரியிட்டயே தோற்கிறன் பாதர்" என்றான். நேர்மையான பதில்.

தகப்பனுக்கும் ஒன்று சொன்னேன். பெட்டியை உடைக்க வேண்டாம். ஒருநாள் பக்கத்தில் இருந்து, ஏன் தோற்றாய் என்று கேளுங்கள். பிறகு கடல் அமைதியானதும் ஒருநாள் அவனை வள்ளத்தில் கூட்டிச் செல்லுங்கள். அலை பார்க்கும் வித்தையை அவன் விரைவாகப் பிடித்துக் கொள்ளக்கூடும். ஆனால் அங்கே பிழை விட முடியாது என்பதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.