உழவன் இல்லத்து உணவும் அறமும்

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் சந்நிதியை நாடி வரும் அடியார்களின் கைகளைச் சற்றே உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நகரத்து அன்பர்கள் பூவும் பழமும் கடையில் வாங்கிக் கொணர்கின்றனர். கடமலைக்குண்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த உழவர் பெருமக்களோ, தம் நிலத்தில் முதன்முதல் விளைந்ததைத் துணியில் முடிந்து கொணர்கின்றனர். தாம் உண்ணுமுன் தந்தவனுக்குக் காட்டவேண்டும் என்னும் நன்றியுணர்வே அந்த முடிச்சுக்குள் இருப்பது.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி வைகறை ஒன்றில், மூதாட்டி ஒருவர் தம் மடியிலிருந்து பச்சை மொச்சைக் காய்களை எடுத்துச் சந்நிதியில் வைத்துக் கைகூப்பி நின்றார். காய்கள் பனி உலராமல் பளபளத்தன. வெளியே வந்தவரிடம், "இன்று வீட்டிலும் மொச்சைக் குழம்புதானே, தாயே?" என்று வினவினேன். அவர் சிரித்தபடி, "அதெல்லாம் விடியுமுன்னே வண்டியேறிப் போச்சுய்யா. வீட்டுக்குன்னு மூட்டையைப் பிரிச்சா எடை குறையுமில்ல? நமக்கு ஒரு ரசம் வச்சாப் போதும்" என்றார்.

அவர் குரலில் வருத்தம் இல்லை. ஒரு கடமையைச் செவ்வனே முடித்த நிறைவே இருந்தது. அந்த நிறைவுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. விளைந்ததில் நல்லதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விளைவித்தவர் வெறும் ரசச்சோறு உண்பது சிக்கனமா? தியாகமா? அன்றி, நாம் அறியாமலே செய்யும் ஒரு பிழையா? இவ்வினாவை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நிலமும் நம் நிலையும்

முதலில் நம் நிலையை உள்ளவாறு உணர்தல் வேண்டும். தேனி மாவட்டம் என்றவுடன் வெளியூரார் கம்பம் பள்ளத்தாக்கின் பசும் வயல்களையே நினைக்கின்றனர். 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றதன் பயனாக அப்பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் செழித்தன. அந்த நீர் நம் பக்கம் வருவதில்லை. வருசநாட்டு மலையில் பிறந்து நம் ஊர் வழியே செல்லும் மூல வைகை, மழை பெய்தால் பெருகும். பொய்த்தால் மணலாய்க் கிடக்கும். கிணறும் வானமுமே நம் உழவுக்கு ஆதாரம்.

இத்தகைய மண்ணுக்கேற்ற உழவைத்தான் நம் முன்னோர் கண்டறிந்திருந்தனர். சோளமும் கம்பும் சாமையும் விதைத்து, அவற்றினூடே மொச்சை, தட்டை, துவரை ஆகியவற்றைக் கலந்து ஊன்றினர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். குலுக்கையில் தானியம், பானையில் பயறு, வேலியோரத்தில் கீரை, கொல்லையில் முருங்கை என்று இருந்தது அக்காலத்து உழவன் இல்லம். காலப்போக்கில் இலவம்பஞ்சும் தென்னையும் பருத்தியும் பெருகின. இவை பணப்பயிர்கள். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம் யாவும் பணத்தாலன்றி நடவா ஆதலின், அவற்றைப் பயிரிட்டோரைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் பணப்பயிர் வயலுக்குள் வந்தபோது உணவுப்பயிர் வயலைவிட்டு வெளியேறிற்று என்பதும், அதனோடு உணவைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் வீட்டுக்குள் புகுந்தது என்பதும் மறைக்க இயலாத உண்மைகள்.

வயிறு நிறைதலும் உடல் தேறுதலும்

2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. பஞ்சத்தின் கொடுமையைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரும் பேறு. பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் போக்க 1956இல் மதிய உணவும், 1982இல் சத்துணவும், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தன. ஆகவே இன்று நம் இல்லங்களில் வயிறு வாடுவது அரிது.

ஆனால் வயிறு நிறைவது வேறு. உடல் தேறுவது வேறு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். களையெடுத்தும் காய்பறித்தும் நம்மை உண்பிக்கும் கைகளில் இரத்தம் குறைவு என்பது இதன் பொருள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். கம்பில் இரும்புச்சத்து அரிசியினும் பன்மடங்கு. தானியத்தில் குறைவுபடும் லைசின் என்னும் புரதக்கூறு பயற்றில் மிகுதி; பயற்றில் குறைவதைத் தானியம் ஈடு செய்யும். கம்பஞ்சோற்றுக்கு மொச்சைக் குழம்பு என்று நம் பாட்டியர் வகுத்ததைப் பிற்காலத்து அறிவியல் மெய்ப்பித்துள்ளது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடிற்று. உலகமே போற்றிய அந்தத் தானியத்தை விளைவித்தவன் வீட்டில் அது இல்லை என்பது எத்துணை முரண்!

விற்ற விலையும் வாங்கும் விலையும்

"விற்றால் காசு வரும், உண்டால் என்ன வரும்?" என்று கேட்போர் உளர். அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். உழவன் விற்கும் காய்க்குச் சந்தையில் ஒரு விலை. அதில் தரகும் சாக்கும் வண்டிக்கூலியும் கழிந்தபின் கைக்கு வருவது சிறு தொகை. அதே காயைக் கடையில் வாங்கினால் கொடுக்கவேண்டியது பெருந்தொகை. எனவே வீட்டுக்கென நிறுத்திக்கொண்ட ஒரு படி மொச்சையின் மதிப்பைச் சந்தை விலையால் அளத்தல் பிழை. கடை விலையால் அளத்தலே முறை. விற்று வாங்குபவன் இரண்டு முறை இழக்கின்றான்; வைத்துண்பவன் இரண்டையும் மிச்சப்படுத்துகின்றான்.

சில காலங்களில் தக்காளி விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாமல் செடியிலேயே அழுகும். முருங்கைக் காயை எண்ணி எண்ணி விற்போம். இரும்பும் சுண்ணாம்பும் செறிந்த அதன் கீரையை ஆட்டுக்குப் போட்டுவிட்டுச் சோர்வுக்கு மருந்துக்கடையில் சத்து மருந்து வாங்குவோம். பசுவின் பாலை முற்றும் ஊற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு வரக்காப்பி கொடுப்போம். இவற்றைச் சிக்கனம் என்று எவ்வாறு அழைப்பது? சிக்கனம் என்பது தேவையற்றதைத் தவிர்த்தல். தேவையானதையே தவிர்ப்பது உலோபம். பிறருக்கு ஈயாதவனை மட்டுமே உலோபி என்கிறோம். தன் உடலுக்கும் தன்னை நம்பியவர் உடலுக்கும் ஈயாதவனும் உலோபியே.

முதலிடம் யாருக்கு?

இனி அறத்தின் நோக்கில் ஆராய்வோம். வைணவ நெறியில் உணவு முதலில் பெருமானுக்கு, பின்னர் அதிதிக்கும் அடியார்க்கும், அதன்பின் இல்லத்தார்க்கு. வேள்வியில் எஞ்சியதை உண்போர் தூயராவர் என்றும், தமக்கென்றே சமைப்போர் பாவத்தை உண்பர் என்றும் கீதை உணர்த்துகின்றது. இவ்வரிசையில் சந்தைக்கு இடம் எது? வீட்டுத் தேவைக்குப் பிற்பட்டது. நாமோ சந்தையை முதலிடத்தில் அமர்த்திவிட்டோம். பெருமானுக்கு ஒரு மடி, சந்தைக்கு ஒரு வண்டி, இல்லத்துக்கு ஒன்றுமில்லை என்றாயிற்று. நிவேதனம் செய்த பொருள் பிரசாதமாகி நம்மிடமே திரும்புகின்றது. பெருமான் எதையும் தனக்கென வைத்துக்கொள்வதில்லை. அவன் திருப்பித் தருவதை நாம் வாங்க மறுக்கின்றோம்.

குசேலரின் வரலாற்றை நினைவுகூர்வோம். பட்டினி கிடந்த இல்லத்தில் அவருடைய மனைவியார் அண்டை வீடுகளில் இரந்து பெற்ற அவலைக் கந்தையில் முடிந்து கொடுத்தனுப்பினார். கண்ணன் ஒரு பிடி உண்டான். அதன் பயனாக நிறைந்தது எது? எந்த இல்லத்தின் அடுப்பு எரியாதிருந்ததோ அந்த இல்லம்! அடியவன் வீட்டுப் பிள்ளைகள் வாடக் கண்டு பகவான் மகிழ்வதில்லை என்பதே அவ்வரலாறு உரைக்கும் பாடம்.

மேலும், எம்பெருமான் ஒவ்வோர் உயிரினுள்ளும் அந்தர்யாமியாய் உறைகின்றான் என்பது நம் ஆசாரியர்கள் கண்ட தத்துவம். கோயில் மதிலில் விரிசல் கண்டால் ஊர் கூடிப் பூசுகின்றோம். அவன் உறையும் உடலாகிய கோயிலில் விரிசல் விழுந்தால், "ரசம் போதும்" என்று இருந்துவிடுகின்றோம். தத்துவத்தை விடுத்து நம் தொழுவத்தையே நோக்கினாலும் போதும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வையாமல் பசுவிடம் பால் கேட்கும் உழவன் எவனும் இல்லை. காளை மெலிந்தால் ஏரில் பூட்டமாட்டான். அந்தக் கனிவில் பாதியேனும் தன் மனைவியின் தட்டின்மீது அவனுக்கு விழுந்ததுண்டா? எல்லாரும் உண்டபின் அடிச்சட்டியில் எஞ்சியதை வழித்துண்பது இல்லறத் தலைவியின் பெருமை என்று நாம் போற்றிவிட்டோம். அது அவர் பெருமையாக இருக்கலாம். நமக்கு அது பெருமையன்று.

கடன் என்னும் தடை

"ஐயா, கடன் தலைக்குமேல் இருக்கும்போது நல்ல உணவு உண்பது நேர்மையாகுமா?" என்று உழவர் ஒருவர் கேட்கலாம். நேர்மையான வினா இது. வாங்கிய கடனைத் தீர்த்தல் தருமமே, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கடனைத் தீர்க்கப்போவது எது? நாளை மண்வெட்டி பிடிக்கும் அந்த உடல்தானே! முதலை அழித்து வட்டி கட்டுபவனை எவரும் அறிவுடையோன் என்னார். ஒரு படி மொச்சையால் கடன் அடைவதில்லை. ஒரு நோயால் கடன் இரட்டிக்கின்றது.

அதே வேளையில், நன்றாக உண்ணுதல் என்பது ஆடம்பரமாக உண்ணுதல் ஆகாது. ஊர் மெச்ச ஒரு நாள் கடன் வாங்கி விருந்து வைத்துவிட்டு ஆண்டு முழுதும் வெறுஞ்சோறு உண்பதும், கடையில் பொட்டலத் தின்பண்டங்களுக்குக் காசிறைப்பதும் ஊதாரித்தனத்தின் பாற்படும். மிகுதியும் குறைவும் இன்றி உண்பதையே கீதையும் யோகத்துக்கு உகந்ததாகக் கூறுகின்றது. சிறு நிலமுடையோருக்கு அந்த நடுவழி எட்டாததன்று. அதற்கு வேண்டியது பணமன்று, ஒழுங்கு.

மூன்று நியமங்கள்

ஆகவே இத்திருவிழாவில் நாம் மூன்று நியமங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, எந்தப் பணப்பயிர் வைப்பினும் வரப்போரத்தில் சில சால்கள் வீட்டுக்கெனக் கம்போ கேழ்வரகோ விதைத்து, மொச்சையும் தட்டையும் ஊன்றுதல். கிணற்று நீர் வழியும் வாய்க்காலோரம் கீரையும், கொல்லையில் ஒரு முருங்கையும் நிறுத்துதல். இரண்டாவது, பெருமானுக்கு முதற்படி எடுத்த கையோடு, மூட்டை கட்டுமுன்னரே, வீட்டுக்கும் ஒரு படி அளந்து வைத்தல். விலை வீழ்ந்த காலத்தில் எஞ்சியதை வற்றலாகவும் காய்ந்த பயறாகவும் சேமித்தல். மூன்றாவது, ஒரு வேளையேனும் இல்லத்தார் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுதல். சமைத்தவர் இலையிலும் கீரையும் பயறும் விழுகின்றனவா என்பதைக் குடும்பத் தலைவர் தம் கண்ணால் காணட்டும். இம்மூன்றனுள் கடினமானது மூன்றாவதே, செலவற்றதும் அதுவே.

மதுரையில் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காட்சியைக் காண இலட்சக்கணக்கான மக்கள் திரள்கின்றனர். அந்த வைகை நம் மலையில் பிறந்து நம் ஊர் வழியே செல்லும் ஆறு. அழகர் இறங்கும் இடத்துக்குச் செல்லவேண்டும் என்பதற்காக அது தன் கரைகளை வறளவிட்டுச் செல்வதில்லை. பிறந்த இடத்து மண்ணை நனைத்து, வேலியோரத்துச் செடிக்கும் ஈரம் தந்துவிட்டே அது மதுரைக்கு நடக்கின்றது. பெருமானுக்குப் பணி செய்யச் செல்லும் ஆறே அவ்வாறு செல்லும்போது, நம் வயலின் விளைவும் நம் இல்லத்தை நனைத்துவிட்டுச் சந்தைக்குச் செல்வதில் குற்றமென்ன?

அடுத்த மார்கழியில் அம்மூதாட்டியை மீண்டும் காணும் பேறு வாய்க்குமாயின் அதே வினாவையே கேட்க விழைகின்றேன். "ஆமாய்யா, இன்னைக்கு எங்க வீட்லயும் மொச்சைக் குழம்புதான்" என்று அவர் கூறும் நாளை எம்பெருமான் அருள்வானாக. உழவர் இல்லந்தோறும் அடுப்பும் உடலும் நலம் பெற்று விளங்குவனவாக.