குறை என்னும் சொல்லும் மரபணுவும்

மரபணுவில் நிகழும் மாற்றத்தைக் ‘குறை’ எனல் அறிவியல் முடிபா, மதிப்பீடா என்பது ஆராயத்தக்கது. அரிவாள் உயிரணுச் சோகை இதற்குத் தக்க சான்று. பீட்டா குளோபின் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறுகிறது. அதனால் புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் நிற்கவேண்டிய இடத்தில் வாலைன் அமைகிறது. இதனை 1957இல் வெர்னன் இங்கிராம் நிறுவினார். பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெறுவோர் கடுந்துன்பம் உறுவர். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர்க்கோ இதுவே கடும் மலேரியாவைத் தடுக்கும் காப்பாகிறது.

மரபணுவை ஊழுக்கு ஒப்பிடுவாரும் உளர். அவ்வொப்புமை முற்றும் பொருந்தாது. கருவில் செயற்பட்ட காமா குளோபின் மரபணு பிறப்பிற்குப்பின் அழிவதில்லை. அதன் வெளிப்பாடே பெரிதும் அடங்குகிறது. அதனை மீண்டும் எழுப்பும் மரபணுத் திருத்த மருத்துவம் 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஏடு ஒன்றாயினும் வாசிப்பு வேறாகலாம் என்பது சுவடி பயின்றோர்க்குப் புதிதன்று.

இந்தியாவில் இக்கூறு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம் 2047க்குள் இந்நோயை ஒழிக்க முனைகிறது. பரிசோதனையோடு அறிவுரையும் அதில் அடங்கும். அதன் நோக்கம் நன்றே. ஆயின் ‘ஒழிப்பு’ என்னும் சொல் நோயைச் சுட்டுகிறதா, அக்கூற்றைத் தாங்குவோரையும் சுட்டுகிறதா? இக்கூற்றை மட்டும் தாங்கும் பெண்ணொருத்தி, இரத்தத்தில் எம்மாற்றமும் இல்லாத ஒருவனை மணப்பின், மக்கட்கு இச்சோகை வருவதில்லை. அவ்வாறிருந்தும் பரிசோதனை அட்டையைக் கண்டு மணம் மறுக்கப்படுமாயின், அம்மறுப்பிற்கு மரபணுவியல் சான்றாகாது.