நான்காம் நாள்

மைசூர் விஜயநகரில் யோக நரசிம்மர் சந்நிதியைத் தரிசித்துத் திரும்பும் நாள்களில், இங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் மலைமேல் அமைந்த மேலுக்கோட்டையும், அதனுடன் 1938-இல் வெளிவந்த ராமானுஜர் படமும் ஒருசேர என் நினைவுக்கு வருவதுண்டு. ஏ. நாராயணன் இயக்கத்தில், சாதியாசாரங்களை எதிர்த்தே வாழ்ந்த வ.ரா. எழுத, பத்திரிகையாளரும் தேசபக்தருமான சங்கு சுப்பிரமணியன் ஆசாரியராகத் தோன்றிய அப்படத்தை இன்று நினைப்பவர் அரியர். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்கும் (1936) சென்னை மாகாணத்துச் சட்டத்துக்கும் (1939) இடையே, கோயில் வாசலைப் பற்றித் தேசமே விவாதித்த வேளையில் அவர்கள் ராமானுஜரைத் தேர்ந்ததைத் தற்செயலென்று நான் கருதவில்லை.

ராமானுஜர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, தாம் நரகம் புகினும் பிறர் உய்யட்டும் என்று மந்திரார்த்தத்தை யாவர்க்கும் அருளிய சரித்திரம் எவர் மனத்தையும் உருக்குவது. ஆனால் அன்று அவர் தனியொருவர். ஈந்ததும் தமக்குக் கிடைத்த பொருள். சோழநாட்டுச் சமய நெருக்கடியில் வெள்ளாடை உடுத்து வெளியேறி, தொண்டனூரில் தங்கி, ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் ஆதரவில் மேலுக்கோட்டையாகிய திருநாராயணபுரத்தை நிறுவியபோதோ, அவர் ஊரும் கோயிலும் முறைமையும் வகுக்க வேண்டிய ஸ்தாபகர். அக்கோயிலின் உற்சவமூர்த்தியான செல்வப்பிள்ளையின் திருமேனியை மீட்டுவரத் துணைநின்ற தீண்டப்படாத மக்களுக்குத் ‘திருக்குலத்தார்’ என்னும் திருநாமம் சூட்டி, ஆண்டில் மூன்று நாள் ஆலயத்துள் வரவும் கல்யாணித் திருக்குளத்தில் நீராடவும் உரிமை தந்தார் என்பது ஐதிகம். (அத்திருமேனி டில்லி சுல்தானிடம் இருந்ததென்னும் பகுதியைக் காலக்கணக்கு ஒப்பாது; டில்லியில் சுல்தானியம் தோன்றியதே அவர் காலத்துக்குப் பின், 1206-இல்.)

அந்தக் காலத்தில் அம்மூன்று நாளும் பெருந்துணிவு. அதை நான் குறைத்து மதிப்பவனல்லன். எனினும் சேதனம் அசேதனம் யாவும் பகவானுக்குச் சரீரம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டிய பெருந்தகையின் சித்தாந்தத்தைக் கொண்டே கேட்கிறேன்: அச்சரீரத்தின் எந்த அவயவத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துவது? அருளுக்கு அளவில்லையெனில், நாள்கணக்கு யாருடையது, ஆசாரியருடையதா, அவரைச் சூழ்ந்திருந்த ஊருடையதா? ஊருடையதென்றே என் நெஞ்சம் துணிகிறது. ஆனால் அவ்வூரை அமைத்தவரும் அவரேயன்றோ.

கோபுரக் காட்சியை எந்தக் கலைஞனும் விரும்பி எடுப்பான். நான் காண விழைவது வேறொரு காட்சி: மூன்றாம் நாள் இரவு தீபாராதனை முடிந்து, திருக்குலத்தார் மலையிறங்கிச் செல்ல, மறுநாள் விடியலில் ஆலயக் கதவருகே தனியே நிற்கும் யதிராஜராம் ராமானுஜரின் முகம்.