‘தெரியாது’ என்று சொல்லும் துணிவு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் நெய்யாற்றின்கரையும் அடுத்துப் பாறசாலையும் வருகின்றன. களியக்காவிளையில் தமிழக எல்லை தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு இருபுறமும் உறவுகளைப் பிரித்தாலும், இக்கிராமங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன.

1990-ஆம் ஆண்டு கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றிய பிறகு, இவ்வூர்ப் பெற்றோரின் கனவுகளில் ஒன்று வடதிசை நோக்கித் திரும்பியது. ரப்பர் பால் வெட்டியும், நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. சான்றிதழ்க் கோப்புடன் காலை ரயிலில் ஏறும் இளைஞனின் பின்னால் ஒரு வீடே நிற்கிறது.

அத்தகைய ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வில் வென்று, நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுகிறான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, இங்கோ ஆங்கிலம். வெள்ளைப் பலகையில் ஒரு நிரலை எழுதச் சொல்கிறார்கள். பாதியில் தடுமாறுகிறான். ‘பிறகு தெரிவிக்கிறோம்’ என்ற பதிலுடன் திரும்புகிறான். பல நிறுவனங்களில் இதுவே நிகழ்கிறது. ‘முன் அனுபவம் உண்டா?’ என்பதே எங்கும் எழும் கேள்வி. அப்போது ஒருவர் வழி சொல்கிறார்: பணம் கொடுத்தால் மூன்றாண்டு அனுபவச் சான்றிதழ் கிடைக்கும்; எல்லோரும் செய்வதுதான்.

அவன் என்ன செய்ய வேண்டும்?

பொய்க்கு இடம் உண்டா?

ஜெர்மானியத் தத்துவ மேதை காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்ல வருபவனிடம்கூடப் பொய் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்று வாதிட்டார். வள்ளுவர் அவ்வளவு கடுமை காட்டவில்லை. வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். ‘என் தாயின் கண்ணீரைத் துடைப்பது நன்மைதானே?’ என்று அவ்விளைஞன் கேட்கலாம். அக்கேள்வியை அலட்சியம் செய்வது நியாயமாகாது. பசித்தவனுக்கு உபதேசம் எளிது.

ஆனால் வள்ளுவர் இடும் நிபந்தனை ‘நன்மை’ என்பது மட்டுமன்று. அது குற்றமற்றதாகவும் இருத்தல் வேண்டும். பொய்ச் சான்றிதழால் கிடைக்கும் இருக்கை வேறொருவருடையது. அடுத்த கிராமத்திலிருந்து வந்து, ‘எனக்கு அனுபவம் இல்லை’ என்று உண்மை சொன்ன ஒரு பெண் அதை இழந்திருப்பாள். அவளுக்கும் ஒரு தாய் உண்டு. பொய் சொன்னவனுக்கோ அன்றாடம் அச்சம். 2022-இல் ஒரு பெரும் பன்னாட்டு நிறுவனம், போலி நிறுவனங்களின் அனுபவச் சான்றுகளைக் கொடுத்தவர்களை இந்தியாவில் பணிநீக்கம் செய்ததாக அறிவித்தது. பிறர் பங்கைப் பறித்தும், தன் அமைதியைக் கெடுத்தும் வருவது குற்றமற்ற நன்மையாகாது.

அப்பட்டமான பொய்யை வெறுப்பவரும் அரை உண்மைக்கு இணங்கிவிடுவர். குழு செய்த வேலையை ‘நான் செய்தேன்’ என்று எழுதுவது, மேலோட்டமாகப் பார்த்ததை ‘நன்கு அறிவேன்’ என்பது இவ்வகையே. அசுவத்தாமன் என்ற யானையைக் கருதி யுதிஷ்டிரர் சொன்னதும் அரை உண்மைதான். நிலத்தைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவரது தேர், அக்கணமே மண்ணில் இறங்கியது. போர் வெல்லப்பட்டது, தேர் மட்டும் மீண்டும் உயரவில்லை.

தொழில் கற்பிக்கும் பணிவு

மென்பொருள் தொழிலின் இயல்பே இதற்கு ஒரு பாடம். நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கு, இருகூறுத் தேடல். அகராதியின் நடுப்பக்கத்தைத் திறந்து, தேவையான சொல் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்துப் பாதிப்பாதியாகக் குறைத்துத் தேடுவது போன்றது அது. ஜான் பென்ட்லி என்ற அறிஞர், தொழில்முறை நிரலாளர்களிடம் இதை எழுதச் சொன்னபோது, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரின் நிரலில் பிழை இருந்ததாகக் கூறுகிறார். பிழை அத்துடன் நிற்கவில்லை. அவர் தம் நூலில் தந்த நிரலிலும், அதைப் பின்பற்றி ஜாஷுவா பிளாக் ஜாவா மொழிக்கு எழுதியதிலும் ஒரு பிழை மறைந்திருந்தது: இரு மிகப் பெரிய எண்களைக் கூட்டும்போது, விடை கணினி ஒதுக்கிய அளவை மீறிவிடும். 2006-இல் பிளாக் இதை உலகறியத் தாமே எழுதினார். அவருடைய மதிப்பு அதனால் குறையவில்லை.

பிழையை ஒப்புக்கொள்ளாதபோது நேர்வதும் வரலாற்றில் உள்ளது. 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். மென்பொருள் பிழை அதற்கு ஒரு முக்கியக் காரணம். கருவியால் அப்படி நேரவே முடியாது என்ற உறுதியே தொடக்கத்தில் தரப்பட்டது. ‘எனக்குத் தெரியாது, சரிபார்க்கிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவரையே இத்தொழில் நம்பலாம்.

கேட்பவரின் கடமை

தருமம் மேசையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 1910-இல், பட்டம் பெறாத ராமானுஜன், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயரிடம் வேலை கேட்டுச் சென்றார். அவரிடம் இருந்தவை கணித நோட்டுப் புத்தகங்களே. ஐயர் அவற்றைத் திறந்து பார்த்தார்; அம்மேதையைக் கீழ்நிலை எழுத்தர் பணியில் முடக்க மனமின்றி, கணிதம் அறிந்தவர்களிடம் அனுப்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜனுக்கு வேலை கிடைத்தது. ஆங்கிலத் தடுமாற்றத்துக்கு அப்பால் மனிதனைக் காண்பது, தேர்வு செய்பவரின் தவம்.

உண்மை சொன்னால் உடனே வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அவ்வாறு கூறுவதும் ஒரு பொய்யாகும். ஆனால் மாலை ரயிலில் பாறசாலையில் இறங்கும் அவ்விளைஞன் இரண்டில் ஒன்றுடன் வீடு திரும்பலாம்: தெரியாததைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற தெளிவு, அல்லது தெரியும் என்று சொன்னதை என்றும் காக்க வேண்டிய பாரம். முன்னதைச் சுமப்பவன் மறுநாள் காலை நூலைத் திறந்து, நேற்றுத் தடுமாறிய அதே நிரலை மீண்டும் எழுதத் தொடங்குவான். அவன் தோற்றவன் அல்லன்.